ஒலிவாங்கியின் முன் யார்? உள்ளூர் வானொலியின் நிர்வாக மாற்றமும் வணிக நெருக்கடியும்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்று ஓர் ஊர். அந்நாளில் மக்கள்தொகை ஏறத்தாழ 36,000. 2002 சனவரி 18 அன்று நள்ளிரவு கடந்து 1.37 மணிக்கு, கனடியன் பசிபிக் நிறுவனத்தின் சரக்கு ரயில் ஒன்று ஊருக்கு மேற்கே தடம்புரண்டது. 112 பெட்டிகளில் 31 கவிழ்ந்தன. நீரற்ற அம்மோனியா நிரப்பிய தொட்டிகளில் ஐந்து பிளந்தன. கடுங்குளிர் இரவு. நச்சுவாயு மேலெழும்பிக் கலையாமல் வெண்புகையாகத் தரையோடு தவழ்ந்து குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஒருவர் இறந்தார், 300க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று ஊராருக்கு உடனே சொல்லியாக வேண்டிய வேளை அது.

அவசரச் செய்தி சொல்வதற்கென்று குறிக்கப்பட்ட வானொலி நிலையத்தைக் காவல்துறை தொலைபேசியில் அழைத்தது. பதில் கிடைக்கவில்லை. மைனாட்டில் அப்போது ஆறு வணிக வானொலி நிலையங்கள் இருந்தன. ஆறும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம்: டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவைத் தலைமையிடமாகக் கொண்ட கிளியர் சேனல். அந்த இரவில் யார் பக்கம் பிழை என்பது இன்றும் முழுமையாகத் தீராத வழக்கு. நிலையத்தில் ஒருவர் பணியில் இருந்தார், காவல்துறைதான் அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரிவர இயக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. அதில் உண்மை உண்டு. கருவி இயக்கப்பட்டிருந்தால் ஒலிபரப்பு தானாகவே இடைமறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் 2007இல் வெளியிட்ட தம் நூலை இந்த நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறார். அதன் பின் ஊடகச் சட்ட விவாதங்களில் மைனாட் என்ற பெயர் ஓர் உவமைபோல் வழங்கலாயிற்று.

பிழை யாருடையது என்ற கேள்வியைவிட எனக்கு முதன்மையாகத் தோன்றும் கேள்வி வேறு. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்திவிட்டுத் தானே பேச அதிகாரம் பெற்ற மனிதர் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள்? உள்ளூர் வானொலி என்பதன் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். எத்தனை மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி, எத்தனை நிமிடம் உள்ளூர்ச் செய்தி என்று நாடுகள் கணக்கு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்குகள் எல்லாம் சரியாக இருக்கும்போதே வானொலி ஊரை விட்டுப் போய்விட முடியும். முடிவெடுக்கும் அதிகாரம் எந்த ஊரில் குடியிருக்கிறதோ, அந்த ஊரின் வானொலிதான் அது.

1996 பிப்ரவரி 8 அன்று அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அதற்கு முன் நாடு முழுவதும் ஒருவர் 20 ஏ.எம்., 20 எஃப்.எம். என 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. புதிய சட்டம் நாடளாவிய வரம்பை அடியோடு நீக்கியது. ஒரு நகரத்துக்குள் எத்தனை என்ற வரம்பையும் தளர்த்தி, பெரிய சந்தைகளில் எட்டு வரை அனுமதித்தது. 1972இல் ஒரே ஒரு எஃப்.எம். நிலையத்தோடு தொடங்கிய கிளியர் சேனல், சட்டம் வந்தபோது சில பத்து நிலையங்களையே வைத்திருந்தது. 2000இல் ஏ.எம்.எஃப்.எம். நிறுவனத்தை வாங்கிய பிறகு அந்த எண்ணிக்கை 1,000ஐத் தாண்டியது. நான்கே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது.

இந்தச் சட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணங்களைப் புறந்தள்ளிவிட்டுப் பேசுவது ஆய்வுக்கு அழகன்று. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலி நிலையங்களில் பாதிக்கும் மேற்பட்டவை நட்டத்தில் ஓடின என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமே கண்டறிந்திருந்தது. தனி உரிமையாளர் என்றாலே ஊர்ப்பற்றாளர் என்று கொள்வதும் பிழை. அவர்களிலும் கஞ்சர்கள் இருந்தார்கள். தம் அரசியலுக்கு அலைவரிசையைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். பொருளியல் தரப்பிலிருந்து வந்த வாதம் இன்னும் வலுவானது. ஸ்டீவன் பெரி, ஜோயல் வால்ட்ஃபோகல் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, நிறுவனங்கள் இணைந்தபின் நிகழ்ச்சி வகைகளின் பன்மை கூடியதாகக் காட்டியது. தர்க்கம் எளிது. ஆறு நிலையங்களும் ஆறு முதலாளிகள் கையில் இருந்தால் ஆறு பேரும் அதிக நேயர்களைக் கொண்ட ஒரே வகைப் பாட்டைத்தான் போடுவார்கள். ஒரே முதலாளி என்றால் தன் நிலையங்களே தமக்குள் மோதிக்கொள்ளாதிருக்க, ஒன்றில் நாட்டுப்புற இசை, ஒன்றில் ராக், ஒன்றில் பேச்சு என்று பிரித்து வைப்பார்.

இந்த முடிவை நான் மறுக்கவில்லை. அது எதை அளந்தது என்பதைத்தான் கேட்கிறேன். பாட்டின் வகை எண்ணிக்கை ஒரு பண்டத்தின் பன்மை. கடையில் ஆறு வகை சோப்பு இருப்பதைப் போன்றது. மைனாட்டில் ஆறு அலைவரிசைகளிலும் அந்த இரவு ஒலித்தவை வெவ்வேறாக இருந்திருக்கலாம். அந்தப் பன்மையால் ஊருக்கு ஒரு பயனும் விளையவில்லை.

பன்மை கூடிய அதே காலத்தில் நிலையத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். முன்பு நிலைய மேலாளரும் நிகழ்ச்சிப் பொறுப்பாளரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். எந்தப் பாட்டைப் போடுவது, பள்ளிக் கால்பந்துப் போட்டியை நேரலையாகத் தருவதா, பனிப்புயல் நாளில் வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்துவதா என்பவற்றை அங்கேயே முடிவு செய்தார்கள். நிறுவனங்கள் இணைந்ததும், ஒரு நகரத்தின் ஆறேழு நிலையங்களைத் தொகுத்து ஒரே மேலாளரின் கீழ் வைத்தார்கள். அவருக்கு முதல் வேலை விளம்பர விற்பனை. நிகழ்ச்சிப் பொறுப்பு மெல்ல மெல்ல மண்டல அலுவலகத்துக்கும், அங்கிருந்து தலைமையகத்துக்கும் நகர்ந்தது. நிலையத்தின் பெயர்ப் பலகை மாறவில்லை. அழைப்புக் குறி மாறவில்லை. உள்ளே இருந்தவரின் கையிலிருந்த அதிகாரம் மட்டும் மாறியது.

இந்த மாற்றத்தைத் தாங்கி நின்ற தொழில்நுட்பம் குரல்பதிவு முறை. அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். ஒரு தொகுப்பாளர் ஏதோ ஒரு பெருநகரில் கணினித் திரையின் முன் அமர்கிறார். ஓடி முடியப்போகும் பாட்டின் கடைசிச் சில நொடிகள் காதில் விழுகின்றன. அவர் பேசுகிறார். அடுத்த பாட்டின் முதல் சில நொடிகள் கேட்டதும் நிறுத்துகிறார். நடுவில் உள்ள பாட்டை அவர் கேட்பதே இல்லை. கணினி அதைப் பின்னர் இட்டு நிரப்பிக்கொள்ளும். நான்கு மணி நேர நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்குள் பதிவாகிவிடும். பிறகு அடுத்த ஊருக்கான கோப்பைத் திறப்பார். அந்த ஊரின் தெருப்பெயர், நடக்கவிருக்கும் திருவிழா, பெயர்களை உச்சரிக்கும் முறை எல்லாம் ஒரு தாளில் எழுதி வந்திருக்கும். தான் ஒரு நாளும் கால் வைத்திராத ஊரின் கடைத்தெருவைப் பற்றிப் பேசுவார். கேட்பவருக்கு அவர் பக்கத்துத் தெருவில் இருப்பதாகவே தோன்றும். உள்ளடக்கத்தை மட்டும் அளந்தால் இது முழுக்க முழுக்க உள்ளூர் நிகழ்ச்சிதான்! அளவுகோலே பிழை என்று நான் சொல்வது இதனால்தான். அவர் வாயில் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஆனால் அவர் பேசிய பிறகு அந்த ஊரில் மழை பெய்தாலும், பாலம் உடைந்தாலும் அவருக்குத் தெரியாது; தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இத்தகைய சிக்கனத்துக்கு நேயர்களின் விருப்பம் மாறியதே காரணம் என்று தொழில்துறையினர் சொல்வதுண்டு. இணையமும் கைபேசியும் கேட்போரைப் பங்கிட்டுக்கொண்டது உண்மை. ஆனால் காலவரிசை வேறு கதை சொல்கிறது. குரல்பதிவு முறை பரவியது 1990களின் இறுதியில். அப்போது டிஜிட்டல் கையடக்க இசைப்பெட்டிகூடப் பரவலாகவில்லை. என் கணிப்பில் அந்தச் சிக்கனம் பின்னர் மேலும் இறுகியதற்குப் பெரிய காரணம் கடன். 2006இல் பெயின் கேப்பிட்டல், தாமஸ் எச். லீ ஆகிய தனியார் முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலை வாங்க ஒப்பந்தம் செய்தன; 2008இல் கைமாற்றம் முடிந்தது. வாங்கப் பயன்படுத்திய கடன், வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையிலேயே ஏறியது. கடன்சுமை 2,000 கோடி டாலர் அளவைத் தொட்டது. வட்டி கட்டும் நாள் யாருக்காகவும் நிற்பதில்லை. மின்கட்டணத்தையும் இசை உரிமைத் தொகையையும் குறைக்க முடியாத நிலையத்தில் குறைக்க முடிந்த செலவு ஒன்றுதான்: ஆட்கள். 2014இல் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறியது. 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2019இல் கடன் குறைந்து மீண்டு வந்தது. 2020 சனவரியில் நாடு முழுவதும் பெரும் ஆட்குறைப்பு நடந்தது. விளம்பர வருவாய் வந்துகொண்டிருந்த நிலையங்களிலும் ஆட்கள் போனார்கள். வருவாய் இல்லாததால் வந்த வறுமை இது என்று சொல்ல முடியாது. வருவாய் ஊருக்குள் தங்காததால் வந்த வறுமை.

சட்டமும் பின்தொடர்ந்தது. உரிமம் பெற்ற ஊரிலோ அதன் அருகிலோ முதன்மை ஒலிப்பதிவுக்கூடம் இருந்தாக வேண்டும் என்ற விதி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2017 அக்டோபரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அதை நீக்கிவிட்டது. பிரிட்டனில் 2018 அக்டோபரில் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், வார நாட்களில் உள்ளூர் நிகழ்ச்சிக்கான குறைந்தபட்ச அளவை ஏழு மணி நேரத்திலிருந்து மூன்றாகக் குறைத்தது. சில மாதங்களிலேயே குளோபல் என்ற வானொலி நிறுவனம் தன் முக்கிய நிலையங்களின் காலை நேர உள்ளூர் நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டு, லண்டனிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சியை அறிவித்தது. மணிக்கணக்கு என்பது பேரம் பேசக்கூடிய எண். ஏழு மூன்றாகும்; மூன்று பின்னர் இல்லாமலும் போகும்.

இனி நம் பக்கம். அலைவரிசை மக்களின் சொத்து என்று இந்திய உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1984 அக்டோபரில், அகில இந்திய வானொலி தன் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை நாகர்கோவிலில் திறந்திருந்தது. மாநிலத் தலைநகரின் நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்பாமல், ஒரு மாவட்டம் தன் மொழிவழக்கில், தன் வயலையும் கடலையும் பற்றித் தானே பேசும் நிலையம் என்பது அதன் கருத்து. தனியார் பண்பலை வேறு வழியில் வந்தது. முதற்கட்ட ஏலத்தில் கேட்ட தொகையையே ஆண்டு உரிமக் கட்டணமாக, ஆண்டுக்கு 15 விழுக்காடு கூட்டிக் கட்ட வேண்டியிருந்தது. 40 நகரங்களில் 108 அலைவரிசைகளை ஏலம் விட்டும் ஓடத் தொடங்கியவை 21 மட்டுமே. அந்தப் பாடத்தால் 2005இல் வருவாய்ப் பங்கு முறை வந்தது; அது நல்ல திருத்தம். ஆனால் 2011ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை, ஒரு நிறுவனம் தன் நிலையங்களுக்குள் நாடு முழுவதும் நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளவும் அனுமதித்தது. ஒரு நகரத்தில் ஒருவருக்கு 40 விழுக்காட்டு அலைவரிசைகளுக்கு மேல் இல்லை என்ற வரம்பு இருக்கிறது. மைனாட்டைப் போல ஆறும் ஒருவர் கையில் சிக்காதபடி அது தடுக்கும். நிலையத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்பதை அந்த வரம்பு கேட்பதில்லை.

நம்மிடம் இன்னொரு கட்டும் உண்டு. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்தடை, இயற்கைப் பேரிடர் குறித்த அறிவிப்புகளைச் சொல்லலாம். ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. செய்தியாளரே தேவைப்படாத நிலையத்தில் உரிமையாளர் செய்தியாளரை வைக்கமாட்டார். பேரிடர் அறிவிப்புக்கு அனுமதி இருந்தும், அதை விசாரித்து உறுதிசெய்யும் ஆள் இல்லாமல் போவதற்கு இந்தத் தடையே அடிப்படை. வணிக நெருக்கடி பாதி வேலையைச் செய்தால், தடை மீதியைச் செய்து முடிக்கிறது.

சமுதாய வானொலி இதற்கு மாற்று என்பார்கள். 2004இல் சென்னையில் அண்ணா பண்பலை தொடங்கியது. பாம்பனில் கடல் ஓசை 2016 முதல் மீனவர்களுக்காகவே இயங்குகிறது. இவற்றின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் 100 வாட் ஆற்றலோடு நிற்கும் சிறு கோபுரத்தின் மீது ஊரின் முழுப் பாதுகாப்பையும் ஏற்றிவைப்பது நியாயமாகாது. 2024 பிப்ரவரியில் அரசு இவற்றின் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆக உயர்த்தியது. அரசு விளம்பரத்துக்கான விகிதம் 10 நொடிக்கு 74 ரூபாய் ஆயிற்று. வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆயினும் அந்தத் தொகையில் இரவுப்பணிக்கு ஓர் ஆளை வைத்துச் சம்பளம் கொடுப்பது எளிதல்ல.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. அந்நகரங்களில் பல, அதுவரை தனியார் வானொலியே இல்லாத நடுத்தர ஊர்கள். ஏலத்தில் கிடைக்கும் தொகையை மட்டும் பார்த்து உரிமம் வழங்கினால், அந்த ஊர்களுக்குப் போய்ச் சேருவது கோபுரமும் கணினியும்தான். உரிம நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும் என்று இத்துறை ஆய்வாளர்களும் ஒலிபரப்பாளர்களும் அரசிடம் வலியுறுத்த வேண்டுகிறேன்: ஒலிபரப்பு நடக்கும் எல்லா நேரமும், ஓடும் நிகழ்ச்சியை யாரிடமும் கேளாமல் நிறுத்திப் பேசும் அதிகாரம் பெற்ற ஒருவர், அந்த ஊரிலேயே, தொலைபேசியின் அருகில் இருக்க வேண்டும்.