குடுமியான்மலையிலிருந்து ஒரு சைக்கிள் பாட்டு

இன்னைக்கு ஒரு பாட்டோட வரலாறு. சினிமாப் பாட்டு இல்லை, ஆல்பமும் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துல குடுமியான்மலைன்னு ஒரு ஊர். அங்கே பாறையில ஒரு இசைக் கல்வெட்டு இருக்கு. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு. ஏழு ராகங்களுக்கான சுர வரிசைகளைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நம்ம இசை வரலாறு பேசுறவங்க இதைச் சொல்லாம விடமாட்டாங்க. நான் பேசப்போறது அதே ஊர்ல கல் உடைச்ச பெண்களைப் பத்தி.

1990களின் தொடக்கம். கல் குவாரிகள் ஒப்பந்தக்காரர்கள் கையில இருந்துச்சு. உடைக்கிறவங்களுக்குக் கிடைச்சது சொற்பக் கூலி. சிலர் கொத்தடிமையாவே கிடந்தாங்க. கொத்தடிமை முறையை ஒழிக்கிற சட்டம் 1976லயே வந்தாச்சு. ஆனா, எழுத்தே தெரியாதவங்ககிட்ட சட்டத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது?

அங்கேதான் பாட்டு வருது. 1991ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் தொடங்குச்சு. கலைக்குழுக்கள் ஊர் ஊராப் போய்ப் பாடினாங்க, வீதி நாடகம் போட்டாங்க. 'அ' எழுதப் பழகுறதுக்கு முன்னாடியே உரிமைங்கிற சொல் காது வழியா உள்ளே போயிடுச்சு.

அப்போ ஆட்சியரா இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டுறதையும் அறிவொளியோட ஒரு பகுதியாக்கினார். பொண்ணு சைக்கிள்ல போனா தெருவுல கேலி, ஆபாசப் பேச்சு. அந்த நேரத்துலதான் அறிவொளி ஊழியர் முத்து பாஸ்கரன் எழுதின சைக்கிள் பாட்டு இயக்கத்தின் கீதமாவே ஆச்சு. கேலி பண்றவனோட ஒருத்தி தனியா மல்லுக்கட்ட முடியாது. கூட்டமாப் பாடிக்கிட்டு வந்தா ஒதுங்க வேண்டியவன் அவன்தான். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டின சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டு ஊர்வலம் போனாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் பதிவு பண்ணியிருக்கார். குடுமியான்மலை குவாரிப் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் ஓட்டக் கத்துக்கொடுத்ததும் அதுல வருது. குவாரி இருந்தது சாலையை விட்டுத் தள்ளி. சைக்கிள் தெரிஞ்சா எங்கே போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இதுல நான் கவனிக்கிறது ஒண்ணு. பாட்டு தனியா வரல. பின்னாடியே அரிச்சுவடி வந்துச்சு, சைக்கிள் வந்துச்சு. குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டாங்க. பாட்டு வாயைத் திறந்து விட்டுச்சு, குத்தகைப் பத்திரம் கூலியை மாத்துச்சு.

இதே மாவட்டத்துலதான் வேங்கைவயலும் இருக்கு. 2022 டிசம்பர்ல, தலித் மக்கள் குடிக்கிற தண்ணித் தொட்டியில மலம் கலந்திருந்தது தெரியவந்துச்சு. சேதி ஒரே நாள்ல நம்ம போனுக்கு வந்துடுச்சு. விழிப்புணர்வுக்கு இன்னைக்குப் பஞ்சமே இல்லை.

அதனால, அடுத்த தடவை ஒரு எதிர்ப்புப் பாட்டை நீங்க ஷேர் பண்ணும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இந்தப் பாட்டுக்குப் பின்னாடி எந்த சைக்கிள் வருது?