மாமல்லபுரம் ‘பழைய லைட் ஹவுஸ்’ உண்மையில் ஒரு கோயிலா?

கீழ்பென்னாத்தூரில் இருந்து விடியற்காலையில் காரை எடுத்தால் செஞ்சி, திண்டிவனம் தாண்டி, மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். உப்பளங்கள், ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் கடப்பாக்கம், பாலாற்றுப் பாலம், கல்பாக்கம் என்று வடக்கே போனால் மாமல்லபுரம். மொத்தம் சுமார் 150 கி.மீ. ஒருநாள் பயணத்துக்குச் சரியான தூரம்.

அங்கே குன்றின் மேல் இரண்டு கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஒன்று, இன்றும் இயங்கும் வட்டமான கருங்கல் கலங்கரை விளக்கம். இன்னொன்று, விமானத்தை இழந்து மொட்டையாக நிற்கும் சதுரக் கட்டடம். இதைத்தான் ‘கி.பி. 640-ல் மகேந்திரவர்மன் கட்டிய லைட் ஹவுஸ்’ என்று இணையத்தில் சுற்றவிடுகிறார்கள்.

ஆண்டுக் கணக்கே இடிக்குது. மகேந்திரவர்மனின் ஆட்சி 630 வாக்கிலேயே முடிந்துவிட்டது. அதைவிட முக்கியம், அது ஒரு சிவன் கோயில். பெயர் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பாறையைக் குடையாமல் கல் அடுக்கிக் கட்டியது. கடற்கரைக் கோயிலைப் போலவே இதுவும் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜசிம்மப் பல்லவன் காலத்தைச் சேர்ந்தது என்பதே வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து. சுவரைச் சுற்றி வந்தால் தட்சிணாமூர்த்தியும், கயிலாயத்தை அசைக்கும் ராவணனும் தெரிவார்கள். லைட் ஹவுஸ் கட்டுபவர் இதையெல்லாம் ஏன் செதுக்கப் போகிறார்?

அப்போ அந்தப் பெயர் எப்படி வந்தது? பிரிட்டிஷ் ஆட்சியில், 1887-ல் இந்தக் கோயிலின் மேல்தளத்தில்தான் கப்பல்களுக்கான விளக்கை வைத்தார்கள். கார்த்திகை தீபத்தை ஊரில் இருந்தே பார்த்துப் பழகிய திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு, உயரத்தில் எரியும் விளக்கு எவ்வளவு தூரம் தெரியும்னு சொல்லித்தர வேண்டியதில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்திலேயே கருங்கல் கோபுரம் எழுந்ததும் விளக்கு அங்கே போய்விட்டது. பெயர் மட்டும் கோயிலோடு ஒட்டிக்கொண்டது.

தொண்டை நாட்டுக்குக் கலங்கரை விளக்கம் புதிதல்ல என்பது வேறு விஷயம். நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில், உயரமான மாடத்தில் இரவில் எரிந்த விளக்கைப் பற்றி சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. அந்த ஊர் மாமல்லபுரமே என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அந்த மாடம் இந்தக் கோயிலாக இருக்க முடியாது. நூல் பல நூற்றாண்டுகள் மூத்தது.

நேரில் போகிறவர்கள் கவனிக்க: கோயில் இருப்பது தொல்லியல் துறையிடம், கோபுரம் இருப்பது மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறையிடம். எனவே கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் வாங்கிய டிக்கெட் கோபுரத்தில் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். பாதுகாப்புக் காரணங்களால் பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கோபுரம், 2011-ல்தான் மக்களுக்குத் திறந்தது. உயரம் சுமார் 26 மீட்டர். உள்ளே படிகள் குறுகலானவை, இறங்குபவருக்கு வழிவிட்டுத்தான் ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுவது நல்லது. கோயிலுக்கு ஏறும் பாறைப் படிகளும் செங்குத்துதான், மழை பெய்திருந்தால் வழுக்கும்.