'எதிர்பார்க்கப்படுகிறது': யாரால்?

ஒவ்வோர் ஆண்டும் சனவரி இறுதியில் நாளேடுகளில் ஒரு வினைமுற்று பெருகிவிடுகிறது. வருமான வரி வரம்பு உயரும் என எதிர்பார்க்கப்படுகிறது. தங்கத்தின் இறக்குமதி வரி குறையும் என எதிர்பார்க்கப்படுகிறது. மொழியியல் படித்த எனக்கு முதலில் கண்ணில் படுவது, இந்தச் செயப்பாட்டு வினைக்குச் செய்வோர் குறிக்கப்படவில்லை என்பதே. எதிர்பார்ப்பவர் யார்? தமிழில் 'எதிர்பார்ப்பு' என்னும் சொல் கணிப்பையும் விருப்பத்தையும் ஒருசேரச் சுமக்கிறது. நிதிநிலை அறிக்கையைப் பற்றிய பொது ஊகங்களின் வரலாறும் இவ்விரு பொருள்களுக்கு இடையில்தான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1857 எழுச்சியை அடக்கிய செலவால் கடனில் அமிழ்ந்திருந்த அரசின் நிதியைச் சீர்செய்ய லண்டனிலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன். 'எகனாமிஸ்ட்' இதழை நிறுவியவர். 1860 பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் அவர் முன்வைத்த அறிக்கை, ஆண்டுக்கு 200 ரூபாயும் அதற்கு மேலும் ஈட்டுவோர்மீது வருமான வரியை முன்மொழிந்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கடுமையாக எதிர்த்தார். புதிய வரி வேண்டாம், படைச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். (அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்ததற்காக இன்றளவும் தூற்றப்படும் அதே டிரெவெலியன்தான். வரலாற்று மாந்தரை ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க முடிவதில்லை.) மாறுபட்ட கருத்தைக் கொண்டிருந்ததைவிட, அதைத் தாங்கிய அலுவல் குறிப்பை மேலிட ஒப்புதலின்றிச் செய்தித்தாள்களில் வெளியாகச் செய்ததே பெருங்குற்றமாகக் கொள்ளப்பட்டது. அவர் திரும்ப அழைக்கப்பட்டார். வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் நோயுற்று மறைந்தார். டிரெவெலியனோ 1863இல் அதே நிதிப் பொறுப்பை ஏற்று இந்தியா திரும்பினார். அவ்வரி 1865இல் காலாவதியாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1860ஆம் ஆண்டின் அந்தச் சட்டமியற்றும் அவையில் இந்தியர் ஒருவர்கூட இல்லை. வரி செலுத்தப்போகும் மக்களின் மனநிலை இன்னதென்று ஊகித்து எச்சரித்தவரும் ஓர் ஆங்கில அதிகாரியே. மக்களின் 'எதிர்பார்ப்பு' இந்திய நிதி வரலாற்றில் நுழைந்தபோதே இன்னொருவர் வாய்வழியாகத்தான் நுழைந்தது.

பிற்காலத்தில் இந்த ஊகங்களுக்கு உயிர் கொடுத்தது இரகசியம். அந்த இரகசியத்துக்குச் சட்ட அடிப்படையிலான காரணம் இருந்தது. 1931ஆம் ஆண்டின் தற்காலிக வரி வசூல் சட்டப்படி, மசோதாவில் உரிய அறிவிப்பு இருந்தால், அது அறிமுகமாகும் நாள் முடிந்ததுமே சுங்க, கலால் வரி உயர்வுகள் நடைமுறைக்கு வந்துவிடும். நாடாளுமன்றம் நிறைவேற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாலையில் உரை, நள்ளிரவில் புதிய விலை. எந்தப் பொருளுக்கு வரி ஏறும் என்று முன்கூட்டி அறிந்த வணிகர் அதைப் பதுக்கி வைத்தால் ஒரே இரவில் இலாபம். அக்காலத்தில் பட்ஜெட் ஊகம் என்பது கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் கைப்பணம் சார்ந்த விஷயம்.

கசிவு எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதப்பட்டது என்பதற்கு பிரிட்டன் ஒரு சான்று தந்தது. 1947 நவம்பர் 12 அன்று நிதியமைச்சர் ஹியூ டால்டன், உரையாற்றச் செல்லும் வழியில் ஒரு செய்தியாளரிடம் சில வரி மாற்றங்களைச் சொல்லிவிட்டார். மறுநாளே பதவி விலக நேர்ந்தது. அடுத்த இரு வாரத்துக்குள், நவம்பர் 26 அன்று, கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் விடுதலை இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார். 1950இல் இங்கும் கசிவு நேர்ந்தபின், அச்சுப் பணி குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து மின்டோ சாலை அச்சகத்துக்கு மாறியது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 1957. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் 1956இல் இந்திய வரிச் சீர்திருத்தம் குறித்து அளித்த அறிக்கை வெளிப்படையாகவே அச்சிடப்பட்டிருந்தது. சொத்து வரி, செலவு வரி, நன்கொடை வரி, மூலதன ஆதாய வரி ஆகியவற்றை அவர் பரிந்துரைத்தார். கூடவே வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 விழுக்காட்டுக்குக் குறைக்கவும் சொன்னார். அதாவது, ஊகிப்போர் கையில் முழு வரைபடமும் இருந்தது. 1957 மே மாதம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தாக்கல் செய்த அறிக்கையில் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. உச்ச விகிதம் குறைக்கப்பட்டாலும் 45க்கு அருகில்கூட வரவில்லை. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்படி வகுத்த திட்டத்தில் ஒரு பாதியை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளும் என்பதை ஆவணத்தைப் படித்துக் கணிக்க முடியாது. அதிகாரத்தைப் படித்தால் ஒருவேளை முடியும். செலவு வரியின் கதை இன்னும் சுவையானது. 1962இல் நீக்கப்பட்டு, 1964இல் அதே கிருஷ்ணமாச்சாரியால் உயிர்ப்பிக்கப்பட்டு, 1966இல் மீண்டும் மறைந்தது.

2017க்குப் பிறகு நிலைமை அடியோடு மாறிவிட்டது. ஜிஎஸ்டி வந்ததால் பெரும்பாலான பொருள்களின் வரியை முடிவுசெய்யும் இடம் ஜிஎஸ்டி மன்றமாயிற்று. அது ஆண்டின் எந்த மாதத்திலும் கூடலாம். 2019இல் பெருநிறுவன வரிக் குறைப்பும் பட்ஜெட்டுக்கு வெளியே, செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. எங்களைப் போன்ற ஆய்வாளர்களின் இளநிலை உதவித்தொகை 2023இல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக உயர்ந்ததும் பட்ஜெட் உரையில் இல்லை; உரையில் அதைத் தேடிக்கொண்டிருந்தவர்களுள் நானும் ஒருத்தி. நள்ளிரவு விலைக்கான காரணம் பெருமளவு தேய்ந்துவிட்ட பின்னும் ஊகங்கள் குறையவில்லை, பெருகியுள்ளன. அவற்றில் எஞ்சியிருப்பது 'எதிர்பார்ப்பு' என்பதன் இரண்டாம் பொருள்: வருமான வரி செலுத்துவோர், பங்குச் சந்தை, தொழிற்கூட்டமைப்புகள் ஆகியோரின் விண்ணப்பம். இலக்கணத்தால் மட்டும் அது முன்னறிவிப்பாகத் தோற்றமளிக்கிறது.

செலவுப் பக்கத்துக்கு இந்த வினைமுற்று அரிதாகவே கிடைக்கிறது. அங்கே கணிப்பவர் அரசுதான். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, மெய்ச்செலவு என்று அதன் கணிப்பைச் சரிபார்க்கும் எண்களும் அதே ஆவணங்களில் உள்ளன. ஊரக வேலை உறுதித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022-23இல் முதல் மதிப்பீடு 73,000 கோடி ரூபாய். திருத்தியது 89,400 கோடி. அவ்வனுபவத்துக்குப் பின் 2023-24க்கு ஒதுக்கியது 60,000 கோடி. திருத்தியபோது 86,000 கோடி. ஒதுக்கீடு தீர்ந்தால் கூலி நிலுவையாகிறது. திருத்திய தொகை வந்துசேரும்வரை காத்திருப்பவர் வேலையை முன்பே செய்து முடித்தவர். 2023-24இன் அந்த 26,000 கோடி ரூபாய் இடைவெளியை அந்த ஆண்டு சனவரியில் 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதிய தலைப்புச் செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை.