ஃபிராங்க்ளின் வைத்த முதல்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1738-ஆம் ஆண்டின் கடைசியில் லூயிஸ் திமோதி என்ற அச்சகக்காரர் இறந்துபோனார். அவருடைய அச்சு இயந்திரமும் எழுத்துகளும் பிலடெல்பியாவிலிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கொடுத்தவை. செலவில் மூன்றில் ஒரு பங்கு ஃபிராங்க்ளினுடையது, லாபத்திலும் அப்படியே. திமோதி நேர்மையானவர், ஆனால் கணக்கு எழுதத் தெரியாதவர். ஹாலந்தில் பிறந்து வளர்ந்து கணக்கு கற்றிருந்த அவர் மனைவி எலிசபெத் தொழிலைக் கையில் எடுத்தார். பழைய வரவு செலவை முடிந்தவரை தெளிவாக எழுதி அனுப்பினார். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு பிசகாமல் வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அச்சகத்தையே விலைக்கு வாங்கி மகனை அதில் அமர்த்தினார். ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் அந்தப் பெண்மணியை மனமாரப் பாராட்டுகிறார்.

திறமைசாலிக்கு முதல் கொடுப்பது, கணக்குக் கேட்பது, அவர் சொந்தக் காலில் நின்றதும் விலகிக்கொள்வது. இன்றைய துணிகர முதலீட்டின் இலக்கணமும் இதுதான். லாபத்துக்காகச் செய்ததையே ஃபிராங்க்ளின் முதுமையில் அறத்துக்குத் திருப்பினார்.

இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1789 ஜூனில், உயிலில் ஓர் இணைப்பு எழுதினார். பிறந்த ஊரான பாஸ்டனுக்கும் வாழ்ந்த ஊரான பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுன். தொழில் பழகி முடித்த, மணமான, 25 வயதுக்கு உட்பட்ட கைவினைஞர்களுக்கு அதிலிருந்து 15 முதல் 60 பவுன் வரை கடன் தரவேண்டும். வட்டி 5 சதவீதம். அசலில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் திருப்ப வேண்டும். நன்னடத்தைக்கு ஊர்ப் பெரியவர்கள் இருவர் சாட்சி சொல்லி, ஜாமீன் கையெழுத்தும் போடவேண்டும். இளமையில் இரண்டு நண்பர்கள் கொடுத்த கடனால்தான் தாம் தலைநிமிர்ந்ததாக உயிலிலேயே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

நூறு ஆண்டுகளில் ஒவ்வோர் ஊரின் பணமும் 1,31,000 பவுனாகும். 1,00,000 பவுனைப் பொதுப்பணிக்குச் செலவிட்டு மிச்சத்தை இன்னொரு நூறு ஆண்டு சுழற்ற வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

ஆனால் ஊர் மாறிவிட்டது. ஆலைகள் பெருகின, குருவிடம் தங்கித் தொழில் பழகும் வழக்கம் தேய்ந்தது. உயிலின் நிபந்தனைக்குப் பொருந்தும் இளைஞர்கள் அருகிப்போனார்கள். பாஸ்டனில் பணத்தின் பெரும்பகுதி காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பத்திரமாக வளர்ந்தது. கடன் வழங்குவது ஏறக்குறைய நின்றது. பிலடெல்பியாவிலோ கடன்கள் திரும்பாமல் நிதி மெலிந்தது. 1990-இல் இருநூறு ஆண்டு முடிந்தபோது பாஸ்டனிடம் ஏறத்தாழ 50 லட்சம் டாலரும், பிலடெல்பியாவிடம் 20 லட்சத்துக்குச் சற்று மேலும் இருந்தன. பணத்தை வைத்து மட்டும் பார்த்தால் பாஸ்டன் ஜெயித்தது. ஆனால் உயில் யாருக்காக எழுதப்பட்டதோ, அந்த இளைஞர்கள் நிதியின் கண்ணிலிருந்து மறைந்தது அங்கேதான். முதல் நூறாண்டின் பணத்தோடு ஆண்ட்ரூ கார்னெகியின் நன்கொடையும் சேர்ந்து, 1908-இல் பாஸ்டனில் ஒரு தொழிற்கல்விக் கூடம் திறக்கப்பட்ட பிறகுதான் அந்த நிதி மறுபடி பட்டறைப் பிள்ளைகளைச் சேர்ந்தது.

முதல் கொடுத்துவிட்டுக் கூடவே நின்று கவனிக்கும் அந்த விட்டுப்போன இழையை 1997-இல் சியாட்டில் நகரம் எடுத்துக்கொண்டது. பேஜ்மேக்கர் மென்பொருளை உருவாக்கிய ஆல்டஸ் நிறுவனத்தின் நிறுவனர் பால் பிரெய்னர்ட், ‘சோஷியல் வென்ச்சர் பார்ட்னர்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஆளுக்கொரு தொகை போட்டு, உள்ளூர்த் தொண்டு அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே தடவையில் கைகழுவாமல் சில ஆண்டுகள் தொடர்ந்து உதவுவார்கள். அதோடு கணக்கு வழக்கு, கணினி, நிர்வாகம் என்று தங்களுக்குத் தெரிந்த வேலையையும் செய்து கொடுப்பார்கள். 2012-இல் பெங்களூரு வழியாக இந்தியாவுக்கு வந்த இந்த முறை சென்னைக்கும் வந்திருக்கிறது.

சொந்த ஊருக்கு நிதி வைக்க நினைப்பவர்கள் பத்திரம் எழுதும்போது இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள்: காலம் மாறினால் நிபந்தனையை யார் திருத்தலாம் என்று ஒன்று, பணம் வாங்கியவரின் பட்டறைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் போய்ப் பார்ப்பார் என்று இன்னொன்று.