அந்தமான் வீட்டுத் தோட்டத்தில் கிருஷ்ண கமலம்: நடுவது எப்படி, காடு வரை போகாமல் தடுப்பது எப்படி?

ஊதா இழைகள் வட்டமாக விரிந்திருக்க, நடுவில் கடிகார முள் போல நிற்கும் மகரந்தப் பைகள். கிருஷ்ண கமலத்தின் படத்தை ஒருமுறை பார்த்தாலே 'நம்ம பால்கனியிலும் ஒண்ணு வைக்கணும்' என்று தோன்றிவிடும். அந்தமானின் வெப்பமும் ஈரமும் இந்தக் கொடிக்கு ரொம்பவே பிடிக்கும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

ஒரே பெயர், எத்தனை கொடி?

கிருஷ்ண கமலம் 'பாசிஃப்ளோரா' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இதில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள். அங்கே போன ஸ்பானிய பாதிரியார்கள் இந்தப் பூவில் இயேசுவின் பாடுகளைக் கண்டார்கள். நம் ஊரிலோ இழைகள் கௌரவர்கள் ஆயின, ஐந்து மகரந்தப் பைகள் பாண்டவர்கள் ஆயின.

நர்சரிகளில் பல இனங்களும் கலப்பினங்களும் இந்த ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. பழம் வேண்டும் என்றால் பேஷன் ஃப்ரூட் கொடியைக் கேளுங்கள். நீலகிரியில் தாட்பூட் பழம், இலங்கையில் கொடித்தோடை என்பது இதுதான். ஊதாப் பழ வகை மலைக் குளிருக்கு ஏற்றது. கடல் மட்டத்தில் இருக்கும் தீவுகளுக்கு மஞ்சள் பழ வகையே பொருந்தும்.

எங்கே, எப்போது நடுவது?

தினமும் குறைந்தது 6 மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. இந்தக் கொடிக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் தேங்கும் தண்ணீர் ஆகாது. தண்டின் அடி அழுகிவிடும். அதனால் ஓரடி உயரத்துக்கு மேடு போட்டு, அதன் மேல் நடுங்கள். மாடி என்றால் அடியில் நிறைய துளைகள் உள்ள பெரிய க்ரோ பேக் போதும்.

மே மாத முதல் மழை நடவுக்கு நல்ல நேரம். மூன்று கணுக்கள் உள்ள தண்டை வெட்டி நிழலில் ஊன்றினால், ஒரு மாதம் போல ஆகும்போது வேர் பிடிக்கும். காற்று பலமாக வீசும் ஊர் என்பதால் பந்தலை ஆறடிக்குள் வையுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் தண்ணீர் தவறக் கூடாது.

சாணம், யூரியா என்று அள்ளிப் போட்டால் இலைதான் வரும், பூ வராது. புதுத் தளிரில்தான் பூ பூக்கும் என்பதால், மழை தொடங்கும் முன் பழைய கிளைகளைக் கழித்து விடுங்கள்.

பூ வருது, காய் ஏன் பிடிக்கல?

மஞ்சள் வகை மதியம் மலர்ந்து அன்று இரவே மூடிவிடும். தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறொரு கொடியிலிருந்து மகரந்தம் வர வேண்டும். ஒரே கொடியில் வெட்டிய இரண்டு தண்டுகளை நட்டாலும் பயனில்லை, இரண்டும் ஒரே கொடிதான். இயற்கையில் பெரிய கறுப்புத் தச்சுத் தேனீக்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அவை வராவிட்டால், சின்ன பிரஷ்ஷால் மதியம் நீங்களே தடவி விடலாம்.

மழையும் ஒரு காரணம். நனைந்தால் மகரந்தத் துகள் வெடித்து வீணாகிவிடும். மே முதல் டிசம்பர் வரை மழை பெய்யும் தீவில், மழை விட்ட நாட்களின் பூக்களே காயாகும்.

புழு வந்தால் மருந்து அடிக்கலாமா?

அவசரப்படாதீங்க. முள் முள்ளாக இருக்கும் அந்தப் புழு பெரும்பாலும் ஒரு பட்டாம்பூச்சியின் குட்டி. சில பட்டாம்பூச்சி இனங்கள் இந்தக் குடும்பக் கொடிகளில்தான் முட்டையிடும். வளர்ந்த கொடி சில இலைகளை இழந்தாலும் தாங்கும். பூச்சிமருந்து அடித்தால் தச்சுத் தேனீயும் செத்துப்போகும். இலைக்காம்பில் சுரக்கும் தேனுக்காக வரும் எறும்புகளையும் விட்டுவிடுங்கள், அவைதான் கொடியின் காவலர்கள்.

ஒரு எச்சரிக்கை: இலையிலும் பழுக்காத காயிலும் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உண்டு. குழந்தைகளும் ஆடுகளும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலியைத் தாண்டினால் என்ன ஆகும்?

பதில் சாலையோரத்திலேயே இருக்கிறது. வலை போன்ற உறைக்குள் சின்ன ஆரஞ்சுப் பழம் வைத்திருக்கும் சிறுபூனைக்காலியும் பாசிஃப்ளோராதான், அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இன்று அந்தமானில் அது களை. காலபகோஸ் தீவுகளில் பேஷன் ஃப்ரூட்டும், ஹவாயில் வாழைப்பழ வடிவில் காய்க்கும் அதன் உறவினமும் உள்ளூர்ச் செடிகளை மூடிப் படர்ந்து தொல்லையாகிவிட்டன.

அந்தமான் நிக்கோபாரின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு. வெளியிலிருந்து வந்த ஒன்று என்ன செய்யும் என்பதும் இங்கே தெரிந்த கதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் காலத்தில் வந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தை இன்றும் தோட்டங்களை மேய்கிறது.

அதனால் நான்கு விஷயங்கள்:

- மெயின்லேண்டிலிருந்து மண்ணோடு கன்று கொண்டுவராதீர்கள். உள்ளூரில் வளரும் கொடியிலிருந்து தண்டு வாங்குங்கள்.
- சில வகைகள் வேரிலிருந்தே தள்ளித் தள்ளி முளைக்கும். அவற்றைத் தொட்டியில் மட்டும் வையுங்கள்.
- வெட்டிய தண்டுகளைக் காட்டோரம், ஓடையோரம் வீசாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவிட்டு உரமாக்குங்கள்.
- பழத்தைப் பறவைகளுக்கு முன் நீங்கள் பறித்துவிடுங்கள். விதை அவற்றின் வழியாகத்தான் காட்டுக்குப் போகும்.

எந்த வகை வாங்குவது என்று சந்தேகமா? ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், காராச்சர்மாவில் இருக்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.