ஏசுவதற்கு ஓர் அணி

முதல் ஆட்டம் முடிந்த இரவில் ரசிகன் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு எடுத்துப் படித்துப் பாருங்கள். கிளி ஜோசியக்காரன்கூட அவ்வளவு தப்பாகச் சொல்லியிருக்க மாட்டான். 2012 ஜனவரி 10 இரவு ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தில் நடந்தது அதற்கு நல்ல உதாரணம்.

17 ஆண்டுகளுக்குப் பிறகு சிங்கப்பூர் அணி ஒன்று மலேசிய லீக்குக்குத் திரும்பியிருந்தது. லயன்ஸ் டுவெல்வ் என்று பெயர். பெரும்பாலும் 23 வயதுக்கு உட்பட்ட பையன்கள், அவர்களோடு மூத்தவர்கள் சிலர். பயிற்றுநர் வி. சுந்தரமூர்த்தி. எதிரே, முந்தைய ஆண்டு லீக் பட்டம் வென்ற கிளந்தான். ஆட்டம் 2-1 என்று கிளந்தான் பக்கம் போனது. வெளியே வந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அணியை முழுதாகக் கலைத்து முடித்துவிட்டார்கள். "பால் வாய்ப் பசங்கள அனுப்பினா இப்படித்தான்", "இந்த வருசம் கடைசி எடம் நமக்குத்தான், எழுதி வச்சுக்க", "சுந்தரம் ஆடினப்ப எப்படி ஆடினான், இப்ப ஏன் எல்லாரையும் கோல் கம்பத்துக்கு முன்னால நிறுத்தி வைக்கிறான்?"

அந்த ஆண்டு அதே அணி லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது. கிளந்தானோ அந்தப் பருவத்தில் மூன்று கிண்ணங்களையும் அள்ளியது. அப்படிப்பட்ட அணியிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது கேவலமே இல்லை. 2013 ஜூலை 2 அன்று அதே ஜாலான் புசாரில் ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று வென்று, அந்தப் 'பால் வாய்ப் பசங்க' லீக் பட்டத்தையும் எடுத்தார்கள்.

ஆக, முதல் இரவின் தீர்ப்பு அத்தனையும் தப்பு. ஆனால் சிங்கப்பூர்க் காற்பந்தின் வரலாற்றை யோசிக்கும்போது பட்டம் வென்ற இரவைவிட இந்தத் தப்பான இரவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏசிக்கொண்டு நடந்தவர்கள் முகத்தில் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. 17 ஆண்டுகளாக அவர்களுக்கு ஏசுவதற்கு ஆள் இல்லை.

அந்த ஏச்சுக்கு வயது அதிகம். எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் பெயரால் வந்த மலாயாக் கிண்ணத்தின் முதல் போட்டி 1921இல் நடந்தது. சிலாங்கூரை வென்று அதை எடுத்தது சிங்கப்பூர். மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய பிறகும் சேர்த்து, 1994 வரை மொத்தம் 24 முறை வென்றது. ஜாலான் புசார் அரங்கம் 1929 டிசம்பர் 26இல் திறக்கப்பட்டது. எழுபதுகளின் தொடக்கம் வரை சிங்கப்பூர்க் காற்பந்தின் வீடு அதுதான். அங்கே பிறந்ததோ வேறெங்கோ, ஒரு வசவு இன்றுவரை இந்த ஊர் அரங்கங்களில் உயிரோடு இருக்கிறது: "ரெஃப்ரி காயு!" மலாயில் காயு என்றால் கட்டை, மரம். நடுவருக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை, மரக்கட்டை என்று பொருள். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சீக்கியரும் ஒரே சொல்லில் ஒரே ஆளை ஏசிய இடம் இந்த ஊரில் வேறெது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் நல்லிணக்கத்தைப் பாடமாகப் படித்தோம். காயு என்று கத்த யாரும் பாடம் நடத்தவில்லை.

என் அப்பா சாங்கியில் பிரிட்டிஷ் விமானப் படைத்தளத்தின் கிடங்கில் வேலை பார்த்தவர். வாரம் முழுக்க 'யெஸ் சார்' சொன்ன வாய், ஆட்ட நாளில்தான் திறக்கும். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது அந்த வேலையும் போனது. சாங்கியிலிருந்து நகரத்துக்குப் போவது அப்போது ஒரு பயணம். காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு உள்ளே போனால், "கடலை தீர்றதுக்குள்ள ஒரு கோல் விழணும்டா" என்பார். விழாவிட்டால் முன்னணி ஆட்டக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். மறுவாரம் அதே ஆட்டக்காரரைப் பார்க்க மறுபடி பஸ் ஏறுவார்.

1974இல் ஒரு தமிழர் இந்தக் கூட்டத்தின் மேல் பந்தயம் கட்டினார். வழக்கறிஞர் நா. கணேசன், காற்பந்துச் சங்கத்தைச் சேர்ந்தவர். முந்தைய ஆண்டுதான் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 55,000 பேருக்கு இடம். மலேசியக் கிண்ண ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து அங்கே மாற்றலாம் என்றார். அவ்வளவு பெரிய இடத்தை யார் நிரப்புவார்கள், வாடகையை யார் கட்டுவது என்ற கேள்விக்குத் தன் வீட்டையே ஈடாக வைத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டிருக்கிறார்கள். கூட்டம் வந்தது. 'காலாங் கர்ஜனை' என்று ஊரே பெயர் வைத்த அந்தச் சத்தம் பிறந்தது.

அந்தக் கர்ஜனையை இன்று வெறும் ஆரவாரமாக நினைவுகூர்கிறார்கள். அதில் பாதி ஏச்சு. 1975, 1976 இரண்டு ஆண்டும் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரிடம் தோற்றது. சிலாங்கூரின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். சிங்கப்பூர்ப் பக்கம் பந்தை வாழைப்பழம்போல வளைத்து அடிக்கும் எஸ். ராஜகோபால். "நம்ம ஆளுதான், ஆனா இன்னைக்கு அவன் கை ஒடியணும்" என்று ஆறுமுகத்தைப் பற்றி அப்பா சொன்னது நினைவிருக்கிறது. 'நம்ம ஆள்' என்பதற்கு அந்த இரண்டு மணி நேரம் வேறு அர்த்தம். 1988இல் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்த செய்தி வந்த அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

1977 மே 28, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். 'அங்கிள்' சூ செங் குவீ பயிற்றுவித்த அணி கூடுதல் நேரத்தில் பினாங்கை 3-2 என்று வென்றது. இரண்டு கோல் குவா கிம் சோங். 1965க்குப் பிறகு முதல் கிண்ணம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு ஏச்சையும் ஊர் ஒரே ராத்திரியில் மறந்தது.

ஒரு விஷயத்தை அப்போது யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. தோற்றவனை ஏச வேண்டுமென்றால், அவன் உண்மையிலேயே ஜெயிக்கப் பார்த்தான் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை தொண்ணூறுகளில் உடைந்தது.

1994 டிசம்பர் 17 அன்று ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று வென்று சிங்கப்பூர் கிண்ணத்தை எடுத்தது. ஃபாண்டி அகமது தலைவர். அப்பாஸ் சாட் மூன்று கோல் அடித்தார். அதே ஆண்டு லீக் பட்டமும் வந்தது. கடற்பாலத்தைக் கடந்து பல்லாயிரம் பேர் போயிருந்தார்கள். மறு ஆண்டின் தொடக்கத்தில், நுழைவுக் கட்டண வசூலில் மலேசியச் சங்கத்துக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறில் சிங்கப்பூர் விலகிக்கொண்டது. கூடவே ஆட்டச் சூது வழக்குகள். பிணையில் இருந்த செக் நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் நாட்டைவிட்டு ஓடினார். 1995இல் அப்பாஸ் சாட்டுக்கு நீதிமன்றம் 50,000 வெள்ளி அபராதம் விதித்தது. கைத்தட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் ரசிகர்கள் நின்றார்கள். அப்பா ஏசவில்லை. "விடு" என்றார். எனக்கு நினைவு தெரிந்து காற்பந்தைப் பற்றி அவர் ஒற்றைச் சொல்லில் முடித்தது அன்றுதான்.

பிறகு 1996 ஏப்ரல் 14இல் எட்டு அணிகளோடு எஸ்-லீக் தொடங்கியது. கேலாங், தெம்பனிஸ், பாலஸ்டியர், உட்லண்ட்ஸ் என்று பேட்டைப் பெயர்கள். ஆட்டம் மோசமில்லை. ஆனால் கூட்டம் ஆண்டுக்காண்டு வற்றியது. ஆட்டத்தை விற்கும் தொழிலும் ஒழியவில்லை. 2011இல் பின்லாந்தில் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்த குற்றத்துக்காகச் சிறை சென்ற வில்சன் ராஜ் பெருமாள் சிங்கப்பூர்த் தமிழர். வீட்டை அடகு வைத்த கணேசனைப் பற்றிப் பேசினால் இவரைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு என் பேட்டையின் பழைய கதை ஒன்று ஞாபகம் வரும். சிங்கப்பூரில் சாங்கி என்றால் வெளியூர்க்காரருக்கு விமான நிலையம், உள்ளூர்க்காரருக்குச் சிறை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு, ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் சாங்கியில் செலாராங் முகாமில் அடைக்கப்பட்டார்கள். அரைவயிற்றுச் சோறு, பேதி, பெரிபெரி. அந்த நிலையிலும் தங்கள் நாட்டுக் காற்பந்துக்கு ஒரு லீக் நடத்தினார்கள். அணிகளுக்கு மெல்பர்ன், ரிச்மண்ட், கார்ல்டன், ஜீலாங் என்று ஊரில் விட்டு வந்த கிளப்புகளின் பெயர். 1943 ஜனவரியில் விக்டோரியா அணியும் மற்ற மாநிலங்களின் அணியும் மோதிய ஆட்டத்தைப் பார்க்கப் பத்தாயிரம் கைதிகள்வரை கூடியதாகச் சொல்கிறார்கள். அடுத்த வேளைக்கு என்ன என்று தெரியாதவர்கள், கார்ல்டனா ரிச்மண்டா என்று சண்டை போட்டிருப்பார்கள்.

பருவ முடிவில் ஒரு பதக்கமும் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் தரப்படும் பிரவுன்லோ பதக்கத்தின் சாங்கிப் பதிப்பு. அந்தப் பதக்கம் திறமைக்கு மட்டும் கிடைப்பதல்ல. நேர்மையாகவும் சிறப்பாகவும் ஆடியவருக்கே உரியது. தப்பாட்டம் ஆடித் தடை வாங்கியவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும் கிடையாது. 1933இல் உண்மையான பிரவுன்லோ வாங்கிய வில்ஃப்ரட் ஸ்மால்ஹார்னும் அந்தக் கைதிகளில் ஒருவர். லீக்கை நடத்தியவர்களில் அவரும் உண்டு. சாங்கிப் பதக்கம் பீட்டர் சிட்டி என்பவருக்குப் போனது. இன்று அது கான்பராவில் போர் நினைவகத்தில் இருக்கிறது. சில மாதங்களில் கைதிகளில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்குப் போய் மடிந்த தமிழர்களின் பெயர்கள்கூட முழுதாகப் பதிவாகவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

எல்லாம் பறிபோன இடத்தில் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டது, ஆட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதைத்தான். அரைவயிற்றோடு காத்ததை, வயிறு நிறைந்த காலத்தில் நாங்கள் விலைக்குப் போகவிட்டோம்.

லயன்ஸ் டுவெல்வ் 2015 மே மாதம் மலேசிய எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. எதிரணி, முதல் இரவில் தோற்கடித்த அதே கிளந்தான், 3-1. அந்த ஆண்டு இறுதியோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் அணியே கலைக்கப்பட்டது. கணேசன் மறைந்ததும் அதே ஆண்டுதான்.

இப்போதும் பருவத் தொடக்க ஆட்டங்களுக்குத் தெம்பனிஸ் ஹப்புக்குப் போகிறேன், சாங்கியிலிருந்து பக்கம். காலி நாற்காலிகள்தான் அதிகம். என் அக்கா மகன் விடியற்காலை எழுந்து மான்செஸ்டர் யுனைடெட்டை ஏசுகிறான். இங்கே யார் ஆடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. "அவங்க எப்படி ஆடினா எனக்கென்ன மாமா?" என்கிறான். அவன்மேல் குற்றமில்லை. போன தடவை எனக்கு நாலு வரிசை முன்னால் ஒரு மலாய்ப் பெரியவர் எழுந்து நின்று "காயு!" என்று கத்தினார். அரங்கம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் நடுவர் திரும்பிப் பார்த்தார். பெரியவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. அவர் உட்காருவதற்குள் நானும் ஒரு தடவை கத்தினேன்.