காஞ்சியின் பந்தி

வேலை விஷயமாகக் காஞ்சிபுரம் போகிறவர் பட்டுச் சேலை விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது, அங்கே எங்கே சாப்பிடலாம் என்பதைத்தான். இந்தக் கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் பழைய பதில் 500 அடி நீளமுள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனிடம், "காஞ்சியிலிருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் போ" என்கிறான். அதோடு விடவில்லை. வழியில் எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்புகிறான்.

வேட்டுவரான எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். அவர்களுடைய அரணுக்குள் போனால் சிவந்த நெல்லின் சோறும் நாய் பிடித்த உடும்பின் கறியும். ஆயர் வீட்டில் தினைச் சோறும் பாலும். முல்லை நிலத்து உழவரிடம் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். மருத நிலத்தில் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்த்த பெட்டைக்கோழியின் பொரியலும். அந்தணர் வீட்டில் உயர்ந்த அரிசிச் சோறு, வெண்ணெயும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த மாதுளங்காய், மாவடு ஊறுகாய். பட்டினத்தில் கள்ளும் கொழுத்த பன்றிக் கறியும். முடிவில் இளந்திரையன் பாணனின் கந்தலைக் களைந்து மெல்லிய ஆடை உடுத்தச் செய்து, பிறகு சோறு படைக்கிறான். முதலில் துணி, அப்புறம் சோறு. சென்னிமலையில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த வரிசையில் ஒரு தனி சந்தோஷம்.

இந்தப் பாட்டில் பதார்த்தங்களைவிட முக்கியமான சேதி ஒன்று இருக்கிறது. பாணனை எந்த வீடும் திருப்பி அனுப்பவில்லை. வேட்டுவர் வீட்டிலும் உண்கிறான், வேதம் ஓதுகிறவர் வீட்டிலும் உண்கிறான். காஞ்சிக்கு வேலையாக வந்தவர்களின் சாப்பாட்டுக் கதை இப்படித் தாராளமாகத் தொடங்கியது. பின்னால் அது அப்படி இருக்கவில்லை.

சங்கக் கணக்கர்களுக்கான கருத்தரங்கு ஒன்றுக்காக நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஊருக்குள் அறை கிடைக்காமல், பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரம் பக்கம் எங்களைத் தங்கவைத்தார்கள். கூட்டத்துச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரோட்டில் கூட்டம் நடந்தாலும் இதே பன்னீர் பட்டர் மசாலா, இதே வெஜிடபிள் புலாவ், இதே குலாப் ஜாமூன். சத்திரம் என்று பெயர் வைத்த ஊரில் தங்கிக்கொண்டு, வழிப்போக்கருக்குச் சோறு போட்ட சாலையில் நின்றுகொண்டு, குளிர்ந்த புலாவைச் சாப்பிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. காலையில் அமர்வு தொடங்குமுன் ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவேன். சாலையை ஒட்டினாற்போல் இருப்பது திருப்புட்குழி.

அங்கே விஜயராகவப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். இராவணனோடு போரிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவென்று தலபுராணம் சொல்கிறது. கோயிலுக்கு எதிரே குளம், ஜடாயு தீர்த்தம். தாயார் மரகதவல்லி. பிள்ளை வேண்டி வருகிற பெண்கள் அமாவாசை நாளில் குளத்தில் நீராடி, வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் பயறு முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. குளத்துப் படியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "எந்த ஊர்மா நீங்க?" என்றார். "சென்னிமலைங்க, ஈரோட்டுப் பக்கம்" என்றேன். "அவ்ளோ தூரத்துலேர்ந்து பயறுக்கா வந்தீங்க?" "இல்லீங்கம்மா, மீட்டிங்குக்கு." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீட்டிங்குக்கு வந்தவங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்களே" என்றார்.

ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் படிப்பதற்காகவும் வாதம் செய்வதற்காகவும் இந்த ஊருக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றது திருப்புட்குழியில்தான் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. உபநிடத வரி ஒன்றுக்கு ஆசிரியர் சொன்ன பொருளைக் கேட்டு மாணவருக்குக் கண்ணீர் வந்தது. இருவருக்கும் பிளவு விழுந்தது. காசி யாத்திரையில் மாணவரைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டார்கள். அவர் தப்பிக் காட்டில் அலைந்தபோது வேடுவத் தம்பதியர் துணைவந்து காஞ்சி எல்லையில் சேர்த்தார்கள். விடிந்தபின் வேடுவச்சிக்குத் தாகம். இராமானுசர் கிணற்றில் நீர் மொண்டு கையால் கொடுத்தார். வந்தவர்கள் காஞ்சிக் கோயில் பெருமாளான வரதராசரும் பெருந்தேவித் தாயாரும் என்று கதை முடிகிறது. செவிலிமேட்டுப் பக்கத்திலிருக்கும் சாலைக் கிணறுதான் அந்தக் கிணறு என்பார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வேதம் படித்த பையன் கையால் வேடுவச்சி தண்ணீர் குடித்ததை ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லிவருகிறது என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

அதே இராமானுசரின் வீட்டில் நடந்த இன்னொரு சாப்பாடு கசப்பானது. வரதராசருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்துவந்த திருக்கச்சி நம்பி பூந்தமல்லிக்காரர், வைசியர். அவரைக் குருவாகக் கொள்ள விரும்பிய இராமானுசர், அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்ற ஆசையில் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். நம்பி வந்த நேரம் இவர் அவரைத் தேடி வெளியே போயிருந்தார். மனைவி தஞ்சமாம்பாள் நம்பிக்குப் பரிமாறி, அவர் எழுந்ததும் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு வேறு சமையல் செய்துவைத்தார். திரும்பிவந்த கணவர் மனமுடைந்து போனார். பிற்பாடு அவர் துறவு பூண்டதற்குக் காரணமாகச் சொல்லப்படும் சம்பவங்களில் இதுவும் ஒன்று. தஞ்சமாம்பாளை மட்டும் குறை சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார்.

கருத்தரங்கில் ஒரு சாயங்காலம் எங்களை விட்டுவிட்டார்கள். சேலத்துச் சங்கத்திலிருந்து வந்த தங்கை ஒருத்தியும் நானும் வரதராசர் கோயிலுக்குப் போனோம். "அக்கா, சாமியக் கும்பிடறதா, இட்லியக் கும்பிடறதா?" என்றாள். இரண்டும் ஒன்றுதான் என்றேன். அந்தக் கோயிலின் குடலை இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் கரகரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் தட்டிப்போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் ஊற்றிப் புளிக்கவிடுகிறார்கள். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையை ஒட்டி அடுக்கி, அதில் மாவை ஊற்றி, பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்காக ஆவியில் வேகவைக்கிறார்கள். உரலுக்கு வைக்கும் உலக்கைத் துண்டுபோல நீளமாக வெளியே வருகிறது. அதை வட்டமாக அறுத்துத் தருகிறார்கள். சட்னி கேட்கக் கூடாது, தேவையும் இல்லை. மிளகின் காரமும் சுக்கின் காட்டமும் மந்தாரை இலையின் வாசமும் போதும். நம் வீட்டு மல்லிகைப்பூ இட்லியோடு இதை ஒப்பிட்டு, "கல்லாட்டம் இருக்குதே" என்று சொல்கிறவர்கள் உண்டு. இது மென்மைக்காகச் செய்ததில்லை. மறுநாளும் கெடாமல் இருப்பதற்காகச் செய்தது. வழிநடைக்காரனுக்கு ஏற்ற பண்டம்.

கோயில் பண்டங்கள் வெளியாட்களின் வாய்க்கு எப்படி வந்தன என்பதில் ஒரு வியாபார வரலாறும் இருக்கிறது. விஜயநகரக் காலத்தில் அரசர்களும் அதிகாரிகளும் வணிகர்களும் கோயிலுக்குப் பொன்னையும் ஊர்களையும் எழுதிவைத்து, இன்ன நாளில் இன்ன பண்டம் அமுது செய்விக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். விஜயநகர மன்னர் அச்சுததேவராயரே காஞ்சிக்கு வந்து முத்துக்களால் துலாபாரம் கொடுத்தவர். இப்படிக் கட்டளை வைத்தவருக்குப் பிரசாதத்தில் ஒரு பங்கு உண்டு. விட்டவன் விழுக்காடு என்று கல்வெட்டுகள் அதைக் குறிக்கின்றன. திருமலையில் அது நாலில் ஒரு பங்கு. அந்தப் பங்கை அவரே உண்ணலாம், மடத்துக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். காசு கொடுத்துப் பிரசாதம் வாங்குவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. அக்காலத்தில் ஊருக்குப் புதியவன் பசியாற மிக நம்பகமான இடம் கோயில் மடைப்பள்ளி. ஆனால் அந்த நம்பகம் எல்லோருக்கும் இல்லை. கோயில் வாசலைத் தாண்ட விடப்படாதவர்களுக்கு 1939இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரையிலும் அதற்குப் பிறகும் இந்த இட்லியின் வாசம்கூட எட்டியிருக்காது.

சத்திரங்களுக்கு அடுத்து காப்பி கிளப்புகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரயிலேறி ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர்கள் பெருகினார்கள். அவர்களுக்குச் சோறு போட வந்த ஓட்டல்களில் 'பிராமணாள்' என்ற பலகையும் தனி இடமும் இருந்தன. அந்தக் காலத்துக் காப்பியையும் அதைச் சுற்றிய சாதிப் பெருமிதத்தையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே பிரிவினை.

இந்தப் பின்னணியில் காஞ்சிபுரத்தின் மிகப் பெயர்பெற்ற மாநாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் தமிழ்நாடு காங்கிரஸ் மாகாண மாநாடு இங்கே கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் தரப்படாததால் பெரியார் வெளியேறினார். அதோடு காங்கிரசையும் விட்டார். பாடப்புத்தகம் இவ்வளவு சொல்லும். அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு பந்தி விவகாரம் கனன்றுகொண்டிருந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்கள் இருவருக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது. காங்கிரஸ் பணம் பெற்ற பள்ளியில் இப்படியா என்று பெ. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டு அரசியலின் போக்கு மாறியதில் இரண்டு சிறுவர்களின் தனி இலைக்குப் பங்குண்டு. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளின் தனியிடப் பிரிவினையோ 1941இல்தான் ஒழிந்தது.

காஞ்சியில் இன்னொரு பசியும் உண்டு. அது நெசவாளியின் பசி. விடியற்காலையில் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் பாவு நூலை நீள விரித்துக் கஞ்சி போடுகிறதைப் பார்க்கலாம். பட்டிழை விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி வேண்டும். இழைக்குக் கஞ்சி ஊற்றியவன் வயிற்றுக்கு அது இல்லாமல் போன நாட்களும் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கியபோது நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். 1953 ஜனவரியில், காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா, திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். எங்கள் ஊரில் தொட்டி முன்னால் வரிசையில் நின்றதை என் அப்பா சொல்லுவார். எல்லாச் சாதியும் அந்த வரிசையில் நின்றது என்பார். வறுமைக்காவது அந்த நேர்மை இருந்தது.

மணிமேகலையிலும் காஞ்சிக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் உண்டு. பஞ்சத்தில் வாடிய ஊரில், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை வைத்து, பல மொழி பேசுகிறவர்களையும் கண்ணில்லாதவர்களையும் கால் முடங்கியவர்களையும் கூப்பிட்டு ஊட்டுகிறாள். அந்தக் காப்பியத்தை எழுதிய சாத்தனார் சொல்லும் அந்தப் பந்தியில் முந்தியும் பிந்தியும் கிடையாது. நம் காலத்திலும், 2019இல் ஜூலை 1 முதல் 48 நாள், வரதராசர் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் வெளியே இருந்தபோது, வந்து குவிந்த கூட்டத்துக்குத் தெருத்தெருவாக அன்னதானம் நடந்தது. யார் எந்தச் சாதி என்று கேட்க அந்த நெரிசலில் யாருக்கும் நேரமிருக்கவில்லை.

காஞ்சியில் நல்ல பண்டத்துக்கு எந்தக் காலத்திலும் குறைவில்லை. எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவதுதான் இங்கே அரும்பாடுபட்டு வந்தது. மிளகு இட்லியை ருசிக்கிறவர் இந்தக் கதையையும் தெரிந்துகொண்டு ருசித்தால் கணக்கு நேராகும்.

இந்த ஊரில் கூட்டம் நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை புலாவை நிறுத்திவிடுங்கள். மந்தாரை இலையில் குடலை இட்லியும், பெரும்பாணாற்றுப்படை சொன்ன வரகுச் சோறும் அவரைப் புழுக்கும் போடுங்கள். முடிந்தால் கோழிப் பொரியலும். அதிகாரிக்கு ஒரு மேசை, கணக்கருக்கு ஒரு மேசை, தறிக்காரருக்கு வெளியே பொட்டலம் என்று பிரிக்காமல், எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவையுங்கள்.